பூங்கோதைக்கு ஒரு மகள்

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய்க்கு மழைதான் காரணம். கிள்ளான் மழையைத் தெரிந்தவர்கள் இதை நம்புவார்கள். பகல் முழுக்க மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்துவிட்டு, சனங்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்துக் கொட்டும். கொட்டினால் சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் தட்டுக்குச் சிக்னல் போய்விடும், டிவி நீலமாக மாறிவிடும். ஏழரை மணி நாடகத்தில், கணவனுடைய சட்டைப் பையிலிருந்து இன்னொருத்தியின் கம்மலை மனைவி எடுத்துப் பார்க்கிற அந்த நொடியில் டிவி நீலமானால், ஒன்பது வயதுப் பிள்ளை வேறு என்னதான் செய்யும்?

எங்கள் வீட்டில் தமிழ்ச் சேனல் வருகிற டெக்கோடர் கிடையாது. நாங்கள் இருந்தது ஒரு பழைய ஃபிளாட்டின் நான்காவது மாடியில். இரண்டாவது மாடியில் பெரியம்மா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. டெக்கோடர், அதன் ரிமோட், ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை எல்லாம் பெரியம்மாவின் சொத்து. அம்மாவுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட். பகல் ஒன்றரை மணிக்குக் கம்பெனி பஸ் கீழே வந்து ஹாரன் அடிக்கும். அவள் திரும்பி வருவதற்குள் நான் பெரியம்மா வீட்டுப் பாயில் தூங்கிப்போயிருப்பேன். காலையில் கண் விழித்தால் நான்காவது மாடியில் என் கட்டிலில் கிடப்பேன். இரண்டு மாடி எப்படி ஏறி வந்தேன் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஏதோ லிஃப்டில் வந்ததுபோல. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்டே கிடையாது.

எனக்கு மத்தியானப் பள்ளி. அதனால் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது காலை நேரத்தில் மட்டும்தான். அந்த நேரத்தில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. பசியாறியதும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னுவாள். நான் கீழே உட்கார்ந்துகொண்டு முதல்நாள் நாடகத்தை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், என்ன சேலை, என்ன பேசினார்கள், யார் அறைந்தார்கள், எத்தனை அறை. நான் நன்றாகவே சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பள்ளியில் ஒன்றும் வராத எனக்கு இது ஒன்றுதான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயரெல்லாம் நாடகத்தில் வருகிறவர்களுக்குத்தான். மனைவி பூங்கோதை. கணவன் ராகவன், பெரிய கம்பெனி முதலாளி. இன்னொருத்தி ஷாலினி. பூங்கோதைக்குப் பிள்ளை இல்லை. ராகவன் மனம் மாறியதற்கு நாடகம் சொன்ன காரணமே அதுதான். ஷாலினி கதவைத் திறந்துகொண்டு வந்தால் இடி இடிக்கும், அவள் ஒற்றைப் புருவத்தை மூன்று தடவை காட்டுவார்கள். ராகவனுக்கு இடி கிடையாது. ஷாலினி வீட்டிலிருந்து திரும்பி வந்து அவன் வாசலில் நிற்கும்போது புல்லாங்குழல் வாசிப்பார்கள். தப்புப் பண்ணிவிட்டு வருகிறவனுக்குப் புல்லாங்குழல், அவன் தேடிப் போனவளுக்கு இடி. இது எங்கேயோ உதைக்கிறதே என்று எனக்கு அப்போதே இருந்தது, ஆனால் பெரியம்மா வீட்டில் அதையெல்லாம் கேட்க முடியாது.

பெரியம்மா நாடகம் பார்க்க மாட்டாள், நாடகத்தோடு சண்டை போடுவாள். ஷாலினி முகம் தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "வந்துட்டா பாரு சனியன்! முழியப் பாரு! இவ நல்லா இருப்பாளா?" என்பாள். ராகவன் வந்தால் குரல் இறங்கிவிடும். "பாவம், நல்ல மனுஷன். மயக்கி வெச்சிருக்கா." பூங்கோதை கோயிலில் தரையில் சோறு போட்டுச் சாப்பிட்டு வேண்டிக்கொண்டபோது பெரியம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பெரியப்பா சரியாக ஏழு இருபத்தைந்துக்குக் குளிக்கப் போவார், எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். மலேசியாவிலேயே சுத்தமான மனிதர் அவர்தான்.

இன்னொரு ரசிகர் கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மாமா. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து, அரும்பாடு பட்டு அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்த பாய். அவர் கடையிலேயே பெரிய டிவி இருந்தது, ஆனால் அதில் பந்து ஆட்டம்தான் ஓட வேண்டும், இல்லையென்றால் வாடிக்கைக்காரர்கள் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அவர் ஏழரை மணிக்குப் பெரியம்மா கேட்காத மீகோரேங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கிரில் கதவுக்கு வெளியே நிற்பார். "உள்ள வாங்க பாய்" என்றால், "இல்லக்கா, கடையில ஆள் இல்ல, இந்தா போயிட்டேன்" என்பார். கடைசி விளம்பரம் வரைக்கும் போக மாட்டார்.

அந்த வட்டாரத்திலேயே ராகவனைத் திட்டிய ஒரே ஆள் அவர். "அக்கா, தப்பு அந்தப் பய மேலதானே? மொதல்ல அவனை வீட்டை விட்டு வெளிய தள்ளச் சொல்லுங்க" என்று கிரில்லைப் பிடித்துக்கொண்டு ஆத்திரப்படுவார். "உங்களுக்குப் பொம்பள மனசு தெரியாது பாய்" என்று பெரியம்மா ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

கம்மல் விவகாரத்துக்கு வருகிறேன். மழை விட்டு டிவி திரும்பி வந்தபோது நாடகம் முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அம்மா என் தலையில் எண்ணெய் வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டாள்: "கம்மலப் பாத்துட்டாளா?"

சிக்னல் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. முதல்நாள் காலையிலிருந்து அந்தக் கம்மலுக்காகக் காத்திருந்து, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாத்தாம்மா. பாத்துட்டு அவளே எடுத்துக் காதுல போட்டுக்கிட்டா."

சீப்பு நின்றது. பிறகு அம்மா சிரித்தாள் பாருங்கள், சீப்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போட்டுக்கிட்டாளா! அலமாக்! ராகவன் மூஞ்சி எப்படி இருந்திச்சி?"

"ஈயாடல" என்றேன்.

உண்மையில் பூங்கோதை அந்தக் கம்மலைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து அழுதாளாம். அது எனக்குப் பெரியம்மா சொல்லி அப்புறம் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து மழை பெய்யாத நாளிலும் எனக்குச் சிக்னல் போக ஆரம்பித்துவிட்டது. நாடகத்தில் பூங்கோதை விரதம் இருந்தால் என் கதையில் இரண்டு தட்டு கோழிச்சோறு சாப்பிட்டாள். நாடகத்தில் மயங்கி விழுந்தால் என் கதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அம்மா எதையும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. "நல்லா வேணும் அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்னுவாள். அம்மாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். டெங்கில் பக்கம் ஏதோ வீடமைப்பு வேலைக்கு மணல் ஏற்றிப் போவார். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், அங்கேயே தங்கிவிடுவார். "வேல ஜாஸ்தி" என்பார். அம்மா அவர் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்து அனுப்புவாள். அப்பா என்மேல் உயிராக இருந்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவர் என்னை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓட, எனக்கு ராணி மாதிரி இருந்தது. டெங்கிலில் மணலைக் கொட்டிவிட்டு ஒரு வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஓர் ஆன்டி கதவைத் திறந்தாள். பூப்போட்ட கைலி, தலையில் ஈரத்துண்டு. "வா பாப்பா" என்றாள். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள், சீனி கொஞ்சம் கம்மி. கறிபாப் பலகாரம் கொடுத்தபோது, "வெங்காயத்த எடுத்துட்டேன், நீ சாப்பிடமாட்டியாமே" என்றாள். எனக்கு வெங்காயம் பிடிக்காது என்பது இந்த ஆன்டிக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா வாசலில் கிடந்த ஒரு ஜோடி நீலச் சிலிப்பரை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் கைகழுவப் போனார். எங்கள் வீட்டு வாசலிலும் அவருக்கு அதே மாதிரி நீலச் சிலிப்பர் ஒன்று இருந்தது.

அந்த ஆன்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டு புருவமும் சமமாக இருந்தன. அவள் கதவைத் திறந்தபோது இடி எதுவும் இடிக்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. நல்ல வெயில்.

திரும்பி வரும்போது அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, அந்த வீட்டுக்குப் போனத அம்மாகிட்ட சொல்லாத, சரியா? பிராமிஸ்?"

"பிராமிஸ்" என்றேன். அப்பா கேட்டு நான் எதைத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்?

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மா எனக்குக் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி வந்தது, விஷயம் போகவில்லை. அம்மாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத வயிறு அது. பொய் சொல்வேன், அது வேறு. மறைப்பது என்பது தொண்டையில் மீன் முள் நிற்கிற மாதிரி இருந்தது. சொன்னால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா அங்கே உட்கார்ந்து அந்தச் சட்டைகளை மடித்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் காலை, சடை பாதி பின்னியிருக்கும்போது, எனக்கு ஒரு வழி தோன்றியது. பிராமிஸ் கொடுத்தது நான். பூங்கோதை யாருக்கும் ஒரு பிராமிஸும் கொடுக்கவில்லையே!

"அம்மா, பூங்கோதைக்கு ஒரு மக இருக்கு."

"மகளா? அவளுக்குத்தான் புள்ளையே இல்லன்னு சொன்ன?"

"ஹாஸ்டல்ல இருந்திச்சி. யாருக்கும் தெரியாது. இப்ப லீவுக்கு வந்திருக்கு."

"ஓ" என்றாள் அம்மா. "சரி, சொல்லு."

"ராகவன் அந்தப் புள்ளைய லோரில ஏத்திக்கிட்டு ஷாலினி வீட்டுக்குப் போனான்."

"லோரிலயா? அவன் பெரிய காடியிலதான போவான்?"

"காடி வொர்க்ஷாப்ல இருக்கும்மா" என்றேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

சீப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது. பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஷாலினி அந்தப் புள்ளைக்கு என்ன கொடுத்தா?"

"மைலோ. சீனி கம்மி."

"வேற?"

"கறிபாப். வெங்காயத்த எடுத்துட்டுக் கொடுத்தா."

அம்மா பின்னியிருந்த பாதிச் சடையை அவிழ்த்தாள். உச்சியிலிருந்து மறுபடி வாரி, முதலிலிருந்து பின்னினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அன்றைக்கு அந்தச் சடை எவ்வளவு இறுக்கம் என்றால், ராத்திரி படுக்கும்வரை ஒரு முடிகூடக் கலையவில்லை. எனக்கோ தொண்டை முள் இறங்கிவிட்டது. மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். வாக்கும் தவறவில்லை, வயிறும் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு நாடகத்தின்மேல் இருந்த ஆசையே மாறிப்போனது. பூங்கோதை என்ன சேலை கட்டினாள், ராகவன் என்ன பொய் சொன்னான், எதையும் கேட்க மாட்டாள். அந்தப் பிள்ளையைப் பற்றியே கேட்பாள். நான் கஷ்டப்பட்டுப் பூங்கோதைக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து வைத்திருப்பேன், அதை யாரும் சீண்ட மாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஷாலினியப் புடிச்சிருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கொஞ்சூண்டு. ஆனா அது அம்மா கட்சி."

இன்னொரு நாள், "அது பயப்படுதா?"

"பயப்படுது. அம்மா அழுதா என்ன செய்யறதுன்னு அதுக்குத் தெரியல."

அம்மா என் தலையை அவள் முழங்காலோடு சாய்த்துக்கொண்டாள். "அம்மா அழமாட்டான்னு யாராச்சும் அதுகிட்ட சொல்லணும்லா. பாவம்" என்றாள். நாளைக்கு யாரையாவது விட்டுச் சொல்லவைக்கிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பெரியம்மா வீட்டு டிவியில் நாடகம் ஒருவழியாக முடிவுக்கு வந்தது. ஷாலினிக்குத் தீராத வியாதி. அவள் பூங்கோதையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக் கண்ணை மூடிவிட்டாள். ராகவன் புல்லாங்குழலோடு வாசலில் வந்து நின்றான். பூங்கோதை ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பெரியம்மா கண்ணீரும் கம்பலையுமாக எழுந்துபோய், நிஜச் சூடத்தைக் கொளுத்தி, டிவிக்குக் காட்டினாள். எங்களையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். கிரில்லுக்கு வெளியே நின்ற கடை மாமா, "அட போங்கக்கா!" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மீகோரேங்கையும் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா கேட்டாள்: "ராகவன் திரும்பி வந்தானா?"

"வந்தான்."

"அவ என்ன செஞ்சா?"

சூடம் காட்டிய கதையை என்னால் சொல்ல முடியவில்லை. கடை மாமாவின் யோசனைதான் கைகொடுத்தது. "அவன் சட்டையெல்லாம் ஒரு பையில வெச்சி, கிரில்லுக்கு வெளிய வெச்சிட்டா."

"சுருட்டியா வெச்சா?"

"இல்லம்மா. அயன் பண்ணி, மடிச்சி."

அம்மா பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, அப்புறமும் சடையை விடாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் புள்ள என்ன சொன்னிச்சி? அப்பா இல்லாம அது இருந்துக்குமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. கீழே கடையில் மாமா ரொட்டி அடிக்கிற சத்தம் நான்கு மாடி ஏறி வந்துகொண்டிருந்தது.

"இருந்துக்கும்" என்றேன். "ஆனா ஞாயித்துக்கிழம காலையில அப்பா வந்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்கணுமாம். ஒரு வாரம்கூட விடக்கூடாதாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அம்மா அப்பாவின் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டைகளையும். கழுத்துப்பட்டை, கை, பொத்தான் சுற்றி எல்லாம் நிதானமாகத் தேய்த்தாள். மடித்துப் பெரிய பையில் அடுக்கியபோதுதான் எனக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று உறைத்தது. மத்தியானம் அப்பா வந்தார். என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவையும் மேலே கூப்பிட்டார்கள். டிவிக்குச் சூடம் காட்டின பெரியம்மா மேலே போய் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? கையோடு ஆரத்தித் தட்டைக் கொண்டுபோகாததுதான் பாக்கி. நானும் பின்னாலேயே பதுங்கி ஏறினேன்.

அப்பா கிரில்லுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பை அவர் காலடியில். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. என்னவோ நடந்துபோச்சி. ஆம்பளதான, ஒரு தடவ மன்னிக்கக் கூடாதா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அம்மா அழவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, "சொல்லேன்க்கா. பூங்கோதைக்குச் சூடம் காட்டினவதானே நீ?" என்றாள்.

பெரியம்மா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அது டிவிலா" என்றாள். "இது என் தங்கச்சி."

அவ்வளவுதான். முழங்கால் வலிக்கு மாதம் மூன்று புட்டி தைலம் காலி பண்ணுகிற பெரியம்மா, குனிந்து அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நான்கு மாடி இறங்கினாள். அப்பா பின்னால் "குடுங்கக்கா, நான் தூக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிப் படி வரைக்கும் அவள் கொடுக்கவில்லை. ஷாலினிகளைத் திட்டியே காலம் கழித்த அந்த வாய், டெங்கில் ஆன்டியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியம்மா இன்றைக்கும் நாடகம் பார்த்து அழுகிறாள். அழட்டும். அந்த முழங்காலுக்கு நான் கோயில் கட்டலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அப்பா மோட்டாரில் வந்து கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். கடையில் உட்கார்ந்தோம். கடை மாமா எனக்கு மட்டும் ரொட்டியில் சீனியை அள்ளிக் கொட்டிக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு வைத்த தே தாரிக் டீயில் சொட்டு இனிப்பு இல்லை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தார், ஆனாலும் முழுசும் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ அம்மாகிட்ட சொன்னியா பாப்பா?"

"இல்லப்பா! பிராமிஸ்! நான் நாடகம் மட்டும்தான் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். நான் சொன்னதெல்லாம் பலிக்கிறது! என் வாயில் ஏதோ சக்தி இருக்கிறது. சும்மா விடுவேனா? அந்த வாரமே அம்மாவிடம், பூங்கோதை மகளுக்குச் சிவப்புக் கலரில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள், முன்னால் கூடையோடு, என்று சொல்லிப் பார்த்தேன். நாடகமே முடிந்துபோய்விட்டது என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு, "நாலு மாடிக்கு யாரு அத தூக்குவா?" என்றாள். சைக்கிள் வரவில்லை. சக்தி தீர்ந்துவிட்டது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தீரவில்லை. மழை என்றால் அப்பா ரெயின்கோட்டு போட்டுக்கொண்டு வருவார். காய்ச்சல் என்றால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். இடைநிலைப் பள்ளியின் கடைசி வருஷத்தில், "அப்பா, எனக்கு டியூஷன் இருக்கு, மாசம் ஒரு தடவ போதும்" என்று நானாகச் சொல்லும்வரை ஒரு வாரம்கூட அவர் விட்டதில்லை. மாமாவின் தே தாரிக்கில் நான்காவது மாதத்திலிருந்து இனிப்பு வந்தது.

போன வருஷம் அம்பாங்கில் என் நிச்சயதார்த்தம். அப்பாவும் வந்திருந்தார், பெரியம்மாதான் அவருக்குச் சாப்பாடு போடச் சொன்னாள். அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் பல வருஷம் போய்வந்த ஓர் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீதானா அந்தப் புள்ள? பூங்கோதைக்கு மக வெச்சவ?" என்று சிரித்தாள். எனக்கு முகம் செத்துவிட்டது.

"அந்த நாடகத்தத்தான் மறுநாள் பதினோரு மணிக்குத் திரும்பப் போடுவாங்களேலா. நாங்க பாதிப் பேரு அதப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவோம். கம்மல அவளே போட்டுக்கிட்டான்னு உங்கம்மா வந்து சொன்னப்ப பஸ்ஸே சிரிச்சிச்சி. அதுக்கப்பறம் தெனம், 'உன் மக இன்னிக்கு என்ன சொன்னா?'ன்னுதான் கேட்போம். அந்தக் கதைக்கு இந்தக் கதை எவ்ளோ தேவல!" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஒரே ஒருநாள்தான் அவ ஒன்னும் சொல்லல. சன்னல் பக்கமா திரும்பி உக்காந்திருந்தா. நாங்களும் கேக்கல."

பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாகிட்ட அவ ஒன்னுமே கேக்கல தெரியுமா? ஒரே ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழம காலையில வந்து புள்ளைக்கு ரொட்டி வாங்கிக் கொடுக்கணும், ஒரு வாரம்கூட விடக்கூடாதுன்னு. ஏன் ரொட்டின்னு கேட்டதுக்கு, 'அதெல்லாம் உனக்குத் தெரியாது'ன்னுட்டா."

அன்றைக்கு மண்டபத்தில் அம்மாவைத் தேடிப் போனேன். பாக்கு மட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் முன்னால் போய் நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தலை கலஞ்சிருக்கு, திரும்பு" என்றாள். திரும்பி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான் திரும்பி நின்றதுதான்.

இத்தனைக்கும் அவள் ஒருநாளும், நீ எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று என்னைக் கேட்டதில்லை. அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கை என்னை வைத்தே உடைக்கவில்லை. ஒவ்வொரு காலையும், இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் விசாரித்தாள். நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கராத்தேயையும் கோழிச்சோற்றையும் சைக்கிளையும் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியையும் ஒரே குரலில்தான் அளந்தேன். அதில் எது கதை, எது நான் என்று அம்மா எப்படிப் பிரித்து எடுத்தாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா சொல்லி வைத்தாற்போல ஞாயிற்றுக்கிழமை வருவது, தீர்ந்துபோன என் சக்தியில் மிச்சம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.